பேலரின் பின்கதவு

ஃபிளாஸ்க்கின் மூடியை அவள் மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவளுடைய கணவரைக் கிடத்தியிருந்தார்கள். சுவரோரம் நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு அடியில் அவர்களுடைய பேச்சு, பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல, வார்த்தை புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"விடும்மா அதை. கழுவுறதுக்கா ஆள் இல்ல?" என்று நாத்தனார் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். இறந்தவருக்கு மூத்தவள். காலையிலிருந்து அழுது அவளுக்குக் குரலே போய்விட்டிருந்தது.

"டீக்கறை, அக்கா."

மூடியில் கறை எதுவும் இல்லை. நாத்தனாரும் பார்த்தாள்.

"பொண்ணு ராத்திரி வண்டிக்குத்தான் வர்றா. அடக்கம் நாளைக்குக் காலையில பத்து மணின்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீ வந்து அவன் பக்கத்துல உக்காரு. வர்றவங்க எல்லாம் உன்னைத்தான் தேடுறாங்க."

"வர்றேன்."

நாத்தனார் போன பிறகும் அவள் குழாயை மூடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில், இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கொழுந்தன், பால் டேங்கர் ஓட்டுகிறவன். இன்னொருவர் காண்டிராக்டர், சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் புது மிஷினைக் கொண்டுபோய்ப் புல் கட்டிக்கொடுக்கிறவர்.

"வெட்டின புல்லு பதினெட்டு வரிசை அப்படியே கெடக்கு," என்றான் கொழுந்தன். "சாயங்காலம் மழைங்கிறான். நனைஞ்சா அவ்வளவும் குப்பை."

"அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்? மிஷின் ரோட்டுல நிக்குது. ஒன்றரை மணி நேரத்துல சுருட்டிக் குடுத்துடறேன். காசு கீசுன்னு வாயைத் திறந்தா அடிச்சிருவேன் உன்னை." காண்டிராக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே தொல்லை என்னன்னா, பழைய பேலர் நடுவரிசையில குறுக்க நிக்குது. உள்ள புல்லு வேற. காலையிலேர்ந்து அடைஞ்சு கெடக்கு, சூடேறியிருக்கும். கதவைத் திறந்து, முள்வாரியால இழுத்துக் கொட்டிட்டு ஓரங்கட்டிருவோம்."

"சரி. நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலேயே வர்றேன்."

குழாயின் கீழே அவளுடைய கை நின்றது.

*

புல்லைச் சுருட்டிக் கட்டும் அந்தப் பேலருக்கு வீட்டில் 'மூத்தாள்' என்று பெயர். பெயர் வைத்தவள் அவள்தான். கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால் அவர் அதை வாங்கினார். வாங்கும்போதே அது பழசு. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட்டு அவர் அதன் ரப்பர் வார்களுக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "மூத்தாளுக்கு உடம்பு சரியில்லையோ?" என்று கேட்டாள். அவர் உள்ளேயிருந்து சிரித்தது இரும்பில் மோதிக் கணகணவென்று வந்தது. இருபத்தாறு வருஷம் மூவரும் குடித்தனம் நடத்தினார்கள்.

வேலை ஊறுகாய்ப் புல் போடுவது. புல்லை வெட்டி, ஒரு நாள் வாடவிட்டு, பேலரில் உருளையாகச் சுருட்டி, கயிறு கட்டி, அன்றைக்கே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மூடிவிட வேண்டும். காற்றுப் புகாமல் இருந்தால் உள்ளே புளித்துப் பதமாகி, புல் முளைக்காத மாதங்களில் மாட்டுக்குச் சோறாகும். காற்றுப் புகுந்தால் பூஞ்சை.

போன வருஷம் பூஞ்சைதான். எட்டு உருளைகளைப் பிரித்த கையோடு குழியில் தள்ளினார்கள். மூத்தாளின் வார்கள் தேய்ந்துவிட்டன, ஈரப் புல்லுக்கு இறுக்கம் போதவில்லை என்று அவள் சொன்னாள். புல் சரியாக வாடவில்லை என்று அவர் சொன்னார். இந்த வருஷம் அவள், அவரிடம் சொல்லாமல், காண்டிராக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். மனுஷர் வெள்ளந்தி. பால் ஊற்றும் இடத்தில் நாலு பேர் முன்னால் அவள் கணவரிடமே, "அண்ணே, எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டுவைத்தார்.

அன்றைக்கு நின்ற பேச்சு. மூன்று நாள் ஆயிற்று. அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார்; அவள் அவருடைய சட்டையை மடித்து வைப்பாள். விடிகாலையில் அவர் டீ போட்டு, ஃபிளாஸ்க்கில் ஊற்றி, அவளுடைய டிராக்டர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அது மட்டும் நிற்கவில்லை. ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில் இருவருமே கல்.

வயல் வேலைக்குப் பேச்சு தேவைப்படாததும் ஒரு வகையில் வினையாகப் போனது. முன்னால் அவர் பேலரை இழுத்துப் போவார். அறுபது அடி பின்னால், பிளாஸ்டிக் சுற்றும் மேசையை இழுத்துக்கொண்டு இன்னொரு டிராக்டரில் அவள். இரண்டு என்ஜின் இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைதான். அவர் வலது கையைத் தூக்கினால், உருளை ஆகிவிட்டது, கயிறு சுற்றுகிறேன், அங்கேயே நில் என்று பொருள். கையைக் கீழே போட்டால், கதவு திறந்து உருளை தரையில் நிலைத்துவிட்டது, வா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சரிவில் ஓர் உருளை விழுந்த வேகத்தில் உருண்டு, வேலியைச் சாய்த்து, ரோட்டோரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் போலப் போய் நின்றது. அது அவளுடைய முன்சக்கரத்தை ஒரு முழத்தில் தவறவிட்டிருந்தது. அவர் அன்றைக்கு வெளிறிய முகத்தோடு வந்து அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "கை மேல இருக்கிற வரைக்கும் நீ நகரவே கூடாது" என்றார். அதற்குப் பிறகு அவள் நகர்ந்ததில்லை.

இன்று காலையிலும் நகரவில்லை.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கை மேலே போனது. அவள் பிரேக்கை மிதித்தாள். முந்தைய உருளைக்குத் தாள் சுற்றி அப்போதுதான் இறக்கியிருந்தாள். சற்று மூச்சுவிடலாம் என்றிருந்தது. ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினாள். கை அப்படியே இருந்தது. வீம்பு, என்று நினைத்தாள். காக்க வைக்கிறார். வைக்கட்டும், எனக்கும் கால் வலிக்கிறது. முதல் மூடியைக் குடித்தாள். இரண்டாவதையும் ஊற்றினாள். அதில் பாதி குடித்தபோதுதான் பேலர் சுற்றவில்லை என்பது காதில் உறைத்தது. வெறும் டிராக்டர் மட்டும், பொழுதுபோகாத ஆள் விரலால் மேசையைத் தட்டுவதைப் போல, ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கையைத் தூக்கிப் பிடித்திருக்கவில்லை. டிராக்டரின் மேற்கூரையைத் தாங்கும் கம்பிக்குள் விரல்கள் மாட்டிக்கொண்டு கை தானாகத் தொங்கியது.

"பார்த்ததும் ஓடினீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஓடினேன்."

"மாரடைப்பு இது, நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்மா. நீங்க பக்கத்துலேயே இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

டாக்டருக்கு டிராக்டர் தெரியாது. பேலருக்கு விசை கொடுக்கும் தண்டை யாரோ நிறுத்தியிருந்தார்கள். கைப்பிரேக்கை யாரோ இழுத்திருந்தார்கள். அதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. அப்படியானால் கை மேலே போனது எதற்கு? கயிறு சுற்றுகிறேன், நில் என்பதற்கா? வா என்பதற்கா?

உள்ளே இருக்கும் உருளையில் கயிறு சுற்றியிருந்தால் ஒரு பதில். சுற்றாமல் வெறும் புல்லாக இருந்தால் இன்னொன்று. முள்வாரியால் இழுத்துக் கொட்டிவிட்டால் எந்தப் பதிலும் இல்லை.

அவள் குழாயை மூடினாள்.

*

"எங்க கெளம்புற?" நாத்தனார் கொல்லை வாசலில் மறித்தாள்.

"வயலுக்கு."

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? அவனை நடுவீட்டுல போட்டுட்டு வயலுக்கா? பாக்குறவங்க என்ன பேசுவாங்க?"

"தாள் சுத்துற மேசையை என்னைத் தவிர யாருக்கு ஓட்டத் தெரியும், அக்கா? கட்டிப் போட்டுட்டுச் சுத்தாம விட்டா கட்டினதே வீண்."

"நாசமாப் போகட்டும் புல்லு!"

"போகட்டும். அப்ப நீங்களே கொட்டகைக்குப் போய் இருபத்திரண்டு மாட்டுக்கும் சொல்லிட்டு வந்துருங்க. வீட்ல துக்கம், இந்த வருஷம் பட்டினி கெடங்கன்னு."

நாத்தனாருக்கு அழுகையும் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து வந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தம்பி பெண்டாட்டியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே புல்லைப் பற்றிய கவலை இல்லை என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"வெறுங்காலோட போறியே," என்றாள். தன் செருப்பைக் கழற்றித் தள்ளினாள். "நான் இருக்கேன் அவன் பக்கத்துல. சீக்கிரம் வந்துரு."

செருப்பு ஒரு விரற்கடை பெரிது.

டேங்கரில் கொழுந்தன் ஏற்கெனவே என்ஜினைப் போட்டிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும் திடுக்கிட்டு, "அண்ணி, நீங்க எதுக்கு?" என்றான்.

"வேகமாப் போ."

"காண்டிராக்டர் இந்நேரம் வயலுக்குப் போயிருப்பாரு. நாங்க பாத்துக்குவோம், நீங்க..."

"அதான் சொல்றேன். வேகமாப் போ."

வண்டி ரோட்டுக்கு வந்தது. பால் டேங்கரை வேகமாக ஓட்டுவது அவனுக்குப் பழக்கமில்லை; இருபது வருஷமாகப் பால் தளும்பாமல் போகிறவன். இரண்டாவது வளைவில் அவள் பேசினாள்.

"கையைத் தூக்கினாரு, தம்பி."

"யாரு?"

"உங்க அண்ணன். காலையில. நான் நில்லுங்கிறாருன்னு நெனைச்சு நின்னேன்." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "டீ குடிச்சிட்டு இருந்தேன். ஒண்ணரை மூடி."

அவன் கியரை மாற்றினான். மாற்றத் தேவையே இல்லாத இடம் அது. வண்டி ஒரு முறை குலுங்கியது.

"அண்ணன் போட்ட டீயா?" என்று கேட்டான்.

"ம்."

"அதை ஆறவிட்டா அவருக்குக் கோவம் வருமே."

அதன் பிறகு வண்டி பழைய வேகத்தில் போகவில்லை. பால் இருந்திருந்தால் தளும்பிக் கொட்டியிருக்கும்.

*

வயலின் நடுவில் பழைய டிராக்டர், காலையில் விட்டபடியே, சரிவுக்குக் குறுக்கே நின்றது. மேற்கே வானம் ஈயம் பூசியதுபோல் இருந்தது. காண்டிராக்டர் தன் மிஷினை வேலியோரம் நிறுத்திவிட்டு, முள்வாரியைப் பேலரின் சக்கரத்தில் சாய்த்துவைத்திருந்தார். இருக்கையில் ஏற அவருக்கு மனம் வரவில்லை போலும். தரையில் நின்றபடியே என்ஜினைப் போட்டு, கதவின் லிவரைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"திறக்காதீங்க!"

என்ஜின் சத்தத்தில் அது கேட்டிருக்காது. பெரிய செருப்பை உதறிவிட்டு, வெட்டிய புல்தாள் காலைக் குத்தக் குத்த ஒரு பெண் வரிசைகளைத் தாண்டி ஓடிவருவதைப் பார்த்துத்தான் அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க எதுக்கு இந்த நேரத்துல..." அவர் தொப்பியைக் கழற்றினார். முகம் சிறுத்துவிட்டது. "நான் அன்னிக்கு அண்ணன்கிட்ட வாய விட்டிருக்கக் கூடாது. உங்களுக்குள்ள பேச்சில்லைன்னு அப்புறந்தான் தெரியும்."

"உங்க மேல ஒண்ணும் இல்ல. தள்ளி நில்லுங்க. நான் திறக்குறேன்."

முதலில் அவள் பேலரைச் சுற்றி வந்தாள். கயிறு விடும் இரும்புக் கை தன் இடத்தில் மடங்கியிருந்தது. சுற்றத் தொடங்காதபோதும் அது அங்கேதான் இருக்கும். சுற்றி முடித்த பிறகும் அங்கேதான் வந்து நிற்கும். முன்பக்கத்துக்கு வந்தாள். உள்ளே உருளை எவ்வளவு பெருத்திருக்கிறது என்று காட்டும் அளவு முள், மங்கிய எண்களுக்கு நடுவே, பாதிக்கும் கீழே நின்றது.

அவள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வழக்கமாக முக்காலுக்கு மேல் போகாமல் அவர் கயிற்றைத் தொடமாட்டார். சின்ன உருளை மேசையில் சரியாக உட்காராது, தாளும் வீண் என்பார். பாதிகூட ஆகவில்லை. கட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. அப்படியானால் கை, வா என்றுதான்.

கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் முள்ளைப் பார்த்தான். இருபது வருஷம் பால் வண்டி ஓட்டினாலும் அவனும் இந்தப் பண்ணையில் பிறந்தவன்தான்.

"நான் திறக்கட்டுமா, அண்ணி?" என்றான் மெதுவாக.

அவள் தலையசைத்து மறுத்தாள். படியில் கால் வைத்து ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். பல வருஷமாக ஒரே ஆள் உட்கார்ந்து பள்ளமான இருக்கை. அவள் உடம்பு அதற்குள் சரியாகப் பொருந்தவில்லை, ஒரு பக்கமாகச் சரிந்தது. ஹாரன் இடது கட்டைவிரலுக்கு அடியில் வந்தது. லிவரைப் பிடித்தாள்.

கதவு வழக்கம்போல் முதலில் முனகி, பிறகு மனசு மாறியதைப் போல ஒரே வீச்சில் மேலே எழுந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. பிறகு கீழே விழும் சத்தம். புல் சரிகிற சத்தம் அல்ல.

"அட," என்றார் காண்டிராக்டர். "கட்டியிருக்கே!"

அவள் திரும்பிப் பார்த்தாள். சரிவில் அரைச் சுற்று உருண்டு, ஒரு புல்வரிசையில் முட்டி நின்றிருந்தது உருளை. இடுப்பளவுகூட இல்லை. ஆனால் ஒழுங்கான உருளை. குறுக்கே வரிவரியாகக் கயிறு.

கொழுந்தன் அதன் பக்கத்தில் மண்டியிட்டான். விரலால் ஒவ்வொரு கயிறாகத் தொட்டுக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போனான். அவசரப்படவே இல்லை. முடித்ததும் நிமிர்ந்து, என்ஜினை மீறிக் கேட்கும்படி, அவளைப் பார்த்துச் சொன்னான்:

"பதினாலு சுத்து, அண்ணி. நுனி அறுத்து முடிச்சிருக்கு. ஒண்ணுகூடக் கொறையல."

அவள் என்ஜினை நிறுத்தினாள்.

பதினாலு சுற்றுக்கு ஒரு நிமிஷம் ஆகும். கயிற்றை உள்ளே இழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அந்த ஒரு நிமிஷமும் டிராக்டரை ஓர் எறும்பின் வேகத்தில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நகர்த்தியிருக்கிறார். நில் என்று கை காட்டியிருக்கிறார். கயிறு முடிந்ததும் தண்டை நிறுத்தி, பிரேக்கை இழுத்திருக்கிறார். கதவுக்கு மட்டும் நேரம் போதவில்லை.

"எனக்குப் புரியல," என்றார் காண்டிராக்டர். "பாதியிலயே ஏன் கட்டினாரு? அண்ணன் அப்படிச் செய்யற ஆளே இல்லியே."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். வருஷத்தில் மூன்றோ நாலோ தடவை அப்படிச் செய்வார். இருட்டிவிட்டாலோ, தூறல் போட்டாலோ, ஒரு தடவை மகளுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னபோதோ. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவைக் கட்டி இறக்கிவிட்டு, மூத்தாளை வயிற்றில் எதுவும் இல்லாமல் நிறுத்திவிட்டுத்தான் கிளம்புவார்.

"வீட்டுக்குப் போகலாம்னு நெனைச்சிருக்காரு," என்றாள்.

காண்டிராக்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, முள்வாரியை எடுத்துக்கொண்டு, தன் மிஷினை நோக்கி நடந்தார்.

அவள் இறங்கவில்லை. இடது கட்டைவிரல் இன்னும் ஹாரன்மேல் இருந்தது. அவர் அதை அழுத்தியிருந்தால் அறுபது அடியில் நிச்சயம் கேட்டிருக்கும். ஒரு நிமிஷம் இருந்திருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் அவரும் அவளைப் போலவே வீம்பாக எதையோ நினைத்துக்கொண்டு... அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

புது மிஷின் கிளம்பும் சத்தம் கேட்டது. அது மளமளவென்று வரிசைகளை விழுங்கத் தொடங்கியது. பெரிய, இறுகிய, ஒரே அளவான உருளைகள் அதன் பின்னால் ஒவ்வொன்றாக விழுந்தன.

"நம்ம வேலையையும் ஆரம்பிக்கணும், அண்ணி. மழை கிட்ட வந்துருச்சு," என்றான் கொழுந்தன். தயங்கி, "இதை என்ன பண்றது? இவ்வளவு நேரம் காத்துல கெடந்தது. பிரிச்சு இன்னிக்கே மாட்டுக்குப் போட்டுறலாமா?"

"வேணாம். இதை முதல்ல சுத்துவோம்."

சுற்று மேசை மாட்டிய டிராக்டரை அவள் சரிவுக்கு ஓட்டிவந்தாள். மற்ற உருளைகளைத் தூக்க இயந்திரக் கை வேண்டும். இதற்கு இரண்டு ஆள் போதுமாக இருந்தது. தோளைக் கொடுத்து, ஒன்று இரண்டு என்று சொல்லித் தள்ளி, உருளையை மேசையில் ஏற்றினார்கள். அது உருட்டுக்கட்டைகளுக்கு நடுவில் சற்று ஆடி, நின்றது. கொழுந்தன் பிளாஸ்டிக் சுருளின் நுனியை இழுத்துக் கயிற்றுக்குள் செருகினான். லிவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

முதல் தூறல் தாளின்மேல் விழுந்தது.

அவள் உருளையின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். வெளிப்புல் காய்ந்து சொரசொரவென்று இருந்தது. விரல்களைக் கயிற்றுக்கு இடையில் நுழைத்து உள்ளே தள்ளினாள். மணிக்கட்டுவரை போனது. காலையிலிருந்து அடைந்து கிடந்த புல், உள்ளே, வெதுவெதுப்பாக இருந்தது.

தூறல் வலுத்தது. அவள் கையை எடுக்கும்வரை கொழுந்தன் லிவரைத் தொடவில்லை.